ஏறிப்போகும் கோடு: திரைக் கிழிசலும் இரண்டு கடிகாரங்களும்

கோத்தகிரியில் எனக்கு நன்கு பழக்கமான அண்ணன் ஒருவர் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். அதன் வரவேற்பறையில் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேசைக்கு அடியில் உள்ள பழைய மடிக்கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக அதற்குப் படம் போகிறது. உள்ளூர் ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த வீடியோ அது: தேயிலைச் சரிவின் மேல் கேமரா இடமிருந்து வலமாக மெல்லத் திரும்ப, நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடக்கின்றன. ஒரு மரம் ஓர் ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைய 8 விநாடி ஆகும். அந்த எட்டு விநாடியும் மரத்தின் தண்டு நேராக நிற்பதில்லை. ஏதோ ஓர் உயரத்தில் அரிவாளால் வெட்டி, அரைச் சென்டிமீட்டர் தள்ளி ஒட்டவைத்ததுபோல், கீழ்ப்பகுதி முன்னே போக மேல்பகுதி சற்றுப் பின்தங்கி நிற்கிறது. வெட்டு எல்லா மரங்களிலும் ஒரே மட்டத்தில் விழுகிறது. உற்றுப் பார்த்தால் அந்த மட்டம் மெல்ல மெல்ல மேலே ஏறிப்போவதும் தெரிகிறது.

“கேபிளை மாத்தியாச்சு. இனி டிவியத்தான் மாத்தணுமா தம்பி?” என்று அண்ணன் கேட்டார். கடைக்காரர் ஒருவர் நல்ல கிராபிக்ஸ் கார்டு (திரைக்கான படத்தை வரையும் பாகம்) உள்ள கணினி வாங்கச் சொன்னாராம். இந்த மூன்றில் எதுவுமே காரணம் அல்ல. கேபிள் பழுதானால் திரையில் புள்ளிகள் மின்னும், அல்லது படமே விட்டுவிட்டு வரும். இப்படி ஒழுங்கான ஒற்றைக் கோடாக வெட்டாது. தொலைக்காட்சி தனக்கு வந்து சேர்ந்ததை அப்படியே காட்டுகிறது. கணினியும் ஒவ்வொரு படத்தையும் சரியாகவே வரைகிறது. வரைபவரும் காட்டுபவரும் வெவ்வேறு கடிகாரம் பார்த்து வேலை செய்கிறார்கள் என்பதுதான் கோளாறு. திரைக் கிழிசல் என்று சொல்லப்படுவது இதுவே. வன்பொருளின் தரத்தைவிட நேரப் பொருத்தத்தைப் பற்றியது இது என்பதைப் புரிந்துகொள்ளாமல் நம் ஊர்களில் பலர் வீண் செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

திரையில் ஒரு படம் ஒரே நொடிப்பொழுதில் முழுதாகத் தோன்றிவிடுவதில்லை. புத்தகத்தின் பக்கத்தைப் படிப்பதுபோல, இடமிருந்து வலமாக ஒரு வரி, அதற்குக் கீழே அடுத்த வரி என்றே அது கணினியிலிருந்து திரைக்குப் போகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்பும் வழக்கமான ஏற்பாட்டில், ஒரு படத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் 16.67 மில்லி விநாடி. ஆனால் அந்த நேரத்தில் எண்ணப்படும் வரிகள் 1080 அல்ல, 1125. கண்ணுக்குத் தெரியும் 1080 வரிகள் 16 மில்லி விநாடியில் போய்விடும். மீதி 45 வரிகளுக்கான நேரத்தில், அதாவது ஏறத்தாழ 0.67 மில்லி விநாடியில், திரைக்குப் படம் எதுவும் போவதில்லை. இந்த இருள் இடைவேளை பழைய படக்குழாய்க் காலத்தின் மிச்சம். எலக்ட்ரான் கற்றை கீழ்க்கோடிக்கு வந்த பிறகு மீண்டும் மேல்முனைக்குத் திரும்ப நேரம் வேண்டும்; அந்த நேரத்தில் கற்றையை அணைத்து வைப்பார்கள். இன்றைய தட்டைத் திரையில் கற்றையும் இல்லை, குழாயும் இல்லை, ஆனாலும் வரி வரியாக அனுப்பும் முறையும் நடுவில் விடும் இடைவேளையும் அப்படியே இருக்கின்றன.

கொடைக்கானல் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடைவேளை புதிதல்ல, அதன் பெயர்தான் தெரிந்திருக்காது. சமிக்ஞை வலுவிழந்த நாட்களில் படம் பிடிமானம் இழந்து மேலும் கீழுமாக உருளும். அப்போது இரண்டு படங்களுக்கு நடுவே கறுப்புப் பட்டை ஒன்று சேர்ந்து உருண்டு வரும். பெட்டியில் இருந்த சிறு திருகை மெதுவாகத் திருப்பினால் படம் நிலைகொள்ளும், பட்டை மறைந்துவிடும். அந்தக் கறுப்புப் பட்டைதான் இருள் இடைவேளை. பால் (PAL) எனப்பட்ட அன்றைய ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 50 முறை வந்த ஒவ்வொரு அரைப்படத்துக்கும் 25 வரிகள், அதாவது 1.6 மில்லி விநாடி, அதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஒளிபரப்பு நிலையத்தின் கடிகாரத்தோடு வீட்டுப் பெட்டியின் கடிகாரத்தைச் சேர்த்துவைத்ததே அந்தத் திருகு செய்த வேலை.

இனி கணினியின் பக்கம் வருவோம். திரைக்குப் போக வேண்டிய படம் நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை பஃபர் என்பார்கள். ஒரே ஒரு பஃபர் மட்டும் இருந்து, அதையே ஒருபுறம் வரைந்துகொண்டும் மறுபுறம் திரைக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தால், பாதி வரைந்த மரமும் வெளியே போகும். ஆகவே இரண்டு பஃபர் வைப்பார்கள். முன் பஃபர் திரைக்குப் போய்க்கொண்டிருக்க, அடுத்த படம் பின் பஃபரில் வரையப்படும். வரைந்து முடித்ததும் இரண்டும் இடம் மாறும். இந்த மாற்றத்துக்குப் படத்தை நகலெடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, எந்த முகவரியிலிருந்து வாசிக்க வேண்டும் என்பதை மாற்றினால் போதும் என்பதால், கணநேரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி, அந்தக் கணம் எது என்பதுதான். திரை 400ஆவது வரியை வாங்கிக்கொண்டிருக்கும்போது பஃபர் மாறினால், முதல் 400 வரிகள் பழைய படத்திலிருந்தும் மீதி 680 வரிகள் புதிய படத்திலிருந்தும் வரும். இரண்டு படங்களுக்கும் இடையில் கேமரா நகர்ந்த தூரமே தண்டின் விலகலாகத் தெரிகிறது. விடுதி வீடியோவில் 1920 புள்ளி அகலத்தை மரம் 8 விநாடியில் கடக்கிறது. விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம், என்றால் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 10 புள்ளி. அந்தத் தொலைக்காட்சியில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். கண்ணால் கண்ட அரைச் சென்டிமீட்டர் கணக்கில் சரியாக வந்து உட்கார்கிறது. படம் பக்கவாட்டில் நகரும்போது மட்டும் கிழிசல் இவ்வளவு உறுத்துவதும் இதனால்தான். செங்குத்தான தண்டுகள், தூண்கள், கதவு நிலைகள் உடைவதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

வேகமான கார்டு இதைத் தீர்க்காது. விநாடிக்கு 150 படம் வரையும் கார்டை 60 முறை புதுப்பிக்கும் திரையோடு இணைத்து, எந்தப் பொருத்தமும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இரண்டு அல்லது மூன்று வெட்டுகள் விழும். அடுத்தடுத்த படங்கள் நேரத்தில் நெருங்கி வரைந்தவை என்பதால் ஒவ்வொரு வெட்டின் விலகலும் குறையும் என்பது உண்மை. வெட்டே இல்லாமல் போகாது.

செய்ய வேண்டியது, பஃபர் மாற்றத்தை இருள் இடைவேளை வரும்வரை தள்ளிவைப்பது. அந்த 0.67 மில்லி விநாடிக்குள் மாற்றிவிட்டால், திரை எப்போதும் ஒரே படத்தைத் தலை முதல் கால்வரை வாங்கும். இதைத்தான் விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்தில் வி-சிங்க் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கு எளிய தீர்வு. ஆனால் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும் என்ற செலவு இதில் அடங்கியிருக்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. எங்கே வைப்பது என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

மலையில் பச்சைத் தேயிலை பறிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இரண்டு சாக்குகள். ஒன்று நிறைந்து இலை வண்டியில் ஏறிப் போயிருக்கிறது. மற்றொன்றில் பறித்துப் போடுகிறார். வண்டி குறித்த நேரத்துக்கு மட்டுமே வரும். வண்டி வருவதற்குள் இரண்டாவது சாக்கும் நிறைந்துவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மறுதலையாக, வண்டி வந்த நேரத்தில் சாக்கு நிறையக் கொஞ்சம் குறைவாக இருந்தால் வண்டி வெறுமனே போய்விடும், அடுத்த முறை வரும்வரை அந்த இலை பாதையோரத்திலேயே கிடக்கும். இரண்டு பஃபரோடு வி-சிங்க் செய்யும்போது நடப்பது இதேதான். ஒரு படத்தை வரைய 16 மில்லி விநாடி ஆனால் விநாடிக்கு 60 படம் கிடைக்கும். ஒரே ஒரு மில்லி விநாடி கூடி 17 ஆனால், படம் முதல் இடைவேளையைத் தவறவிட்டு 33.3ஆவது மில்லி விநாடியில்தான் திரையேறும். கார்டு அதுவரை சும்மா நிற்பதால் வேகம் 60இலிருந்து நேராக 30க்கு விழும். வி-சிங்க் போட்டதும் விளையாட்டு திக்கித்திக்கி ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்வது கற்பனை அல்ல.

மூன்றாவது சாக்கு ஒன்று கொடுத்தால் பறிப்பவர் நிற்க வேண்டாம். மூன்று பஃபர் முறையின் பயன் அதுவே. ஆனால் இதிலும் இரண்டு வகை உண்டு, பலர் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் வகையில் நிறைந்த சாக்குகள் வரிசையில் நிற்கும். முதலில் நிறைந்தது முதலில் ஏறும். வரிசை நீளமானால் இலை வாடும். திரையைப் பொறுத்தவரை வாடுவது என்றால், மௌஸை அசைத்த பிறகு அந்த அசைவு திரையில் தெரியத் தாமதமாவது. 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும், திரையில் மூன்று படங்கள் வரிசையில் காத்திருந்தால் 50 மில்லி விநாடி தாமதம் சேர்ந்துவிடும். இரண்டாவது வகையில் வண்டி வரும்போது கடைசியாக நிறைந்த சாக்கு மட்டும் ஏறும், அதற்கு முந்தையது கைவிடப்படும். இலையை யாரும் அப்படிக் கொட்டிவிட மாட்டார்கள். பழைய படத்தைக் கொட்டிவிடலாம், அதனால் நட்டம் மின்சாரமும் சூடும் மட்டுமே. 2016இல் வந்த வல்கன் வரைகலை முறை இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் நிரலாளரின் கையில் கொடுத்தது: இடைவேளைக்குக் காத்திராமல் உடனே மாற்றுவது, வரிசையாக மாற்றுவது, வரிசையில் தாமதமானதை மட்டும் காத்திராமல் மாற்றுவது, கடைசியாக வந்ததை மட்டும் எடுப்பது என நான்கு வழிகள். இவற்றில் எல்லாக் கார்டுகளும் கட்டாயம் தர வேண்டியது வரிசை முறை ஒன்றே. என் கருத்தில், வீடியோ பார்ப்பதற்கு வரிசை முறையே சிறந்தது, ஏனெனில் அங்கே தாமதத்தால் இழப்பு ஏதும் இல்லை. கை அசைவுக்குத் திரை உடனே பதில் சொல்ல வேண்டிய விளையாட்டுக்குக் கடைசிப் படத்தை எடுப்பதே நல்லது.

இந்தக் காத்திருப்பை ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த காலம் மாறி, இயங்குதளமே எல்லா ஜன்னல்களையும் ஒன்றுசேர்த்து, இடைவேளையில் ஒரே படமாகத் திரைக்கு அனுப்பும் முறை பரவியது. விண்டோஸில் அது விஸ்டாவோடு வந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அதை அணைக்கவே முடியாது. அதே 2012இல் ஆண்ட்ராய்டு 4.1 திரையின் துடிப்பை ஒட்டியே வரையும் வேலையைத் தொடங்குமாறு மாற்றியமைக்கப்பட்டு, மூன்றாவது பஃபரும் சேர்க்கப்பட்டது. விரலோடு ஒட்டி நகரும் திரை என்று அன்று மக்கள் உணர்ந்ததற்குக் காரணம் இதுதான். லினக்ஸில் நெடுங்காலம் கோலோச்சிய எக்ஸ் திரைமுறை, நிரல்கள் கண்ணெதிரே உள்ள படத்தின் மேலேயே வரையலாம் என்ற பழங்காலத்து எண்ணத்தில் கட்டப்பட்டது. கிழிசலைத் தடுக்க இன்டெல், ஏஎம்டி கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களில் டியர்ஃபிரீ என்ற தனி அமைப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்ட வேலேண்ட், அரைகுறைப் படம் ஒன்றுகூடத் திரைக்குப் போகக் கூடாது என்பதை அடிப்படையாகவே வைத்துக்கொண்டது.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. இணையப் பக்கத்தில் எதையாவது நகர்த்த வேண்டுமானால், 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓடும் டைமரை வைப்பது வழக்கமான தவறு. அது விநாடிக்கு 62.5 முறை ஓடும், திரையோ 60 முறை மட்டுமே புதுப்பிக்கும். விநாடிக்கு இரண்டு மூன்று படங்கள் வரைந்தும் வீணாகி, நகர்வில் சிறு துள்ளல் தெரியும். அடுத்த புதுப்பிப்புக்கு முன் என்னைக் கூப்பிடு என்று பிரவுசரிடமே சொல்லிவைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

விடுதிக்குத் திரும்புவோம். அங்கே துப்பு கொடுத்தது அந்த ஏறிப்போகும் கோடு. கைபேசியில் விநாடி எண்ணிப் பார்த்தேன்: திரையின் கீழ்விளிம்பில் புறப்பட்ட வெட்டு மேல்விளிம்பைத் தொட 16 விநாடி எடுத்துக்கொண்டது, பிறகு ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் எந்த மரத்திலும் வெட்டே இல்லை, மறுபடி கீழிருந்து புறப்பட்டது. மடிக்கணினியின் சொந்தத் திரையைத் திறந்து பார்த்தால் அதே வீடியோ அப்பழுக்கில்லாமல் ஓடியது. இரண்டு திரைகளிலும் ஒரே படம் என்ற அமைப்பில் அது இருந்தது; எக்ஸ் முறையில் ஓடிய பழைய லினக்ஸ் அது. கணினி தன் சொந்தத் திரையின் இடைவேளையைப் பார்த்தே படத்தை மாற்றியது. அந்தத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. தொலைக்காட்சிக்குப் போனதோ 59.94. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953இல் ஏற்ற அந்த எண் இன்றும் ஹெச்டிஎம்ஐ முறைகளில் 60க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வேறுபாடு விநாடிக்கு 0.06. இரண்டு கடிகாரங்களும் ஒரு முழுச் சுற்று விலகி மீண்டும் சந்திக்க 16.7 விநாடி ஆகும். தொலைக்காட்சி சற்று மெதுவானது என்பதால் ஒவ்வொரு முறையும் படம் மாறும் வேளையில் அது முன்னைவிடச் சற்று மேலான வரியிலேயே இருக்கும். கோடு ஏறியது அதனால்தான். சுற்றில் 1125க்கு 45 பங்கு, அதாவது நூற்றுக்கு நான்கு, இருள் இடைவேளை. 16.7 விநாடியில் அது 0.67 விநாடி. வெட்டு காணாமல் போன அந்தச் சிறு பொழுதில், படமாற்றம் தற்செயலாகத் தொலைக்காட்சியின் இடைவேளைக்குள்ளேயே விழுந்திருந்தது. பழைய பெட்டியில் உருண்ட கறுப்புப் பட்டை இங்கே கண்ணுக்குத் தெரியாமல் உருண்டுகொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

மடிக்கணினியின் சொந்தத் திரையை அணைத்து, தொலைக்காட்சி மட்டும் என்று அமைத்ததும் பார்க்க வேண்டிய கடிகாரம் ஒன்றாகிவிட்டது. வெட்டு போயிற்று, பைசா செலவில்லை. மண்டபங்களில் மடிக்கணினியோடு புரொஜெக்டரை இணைத்து வீடியோ காட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கடிகாரங்களில் ஒன்றையே வளையச் செய்துவிட்டால் என்ன என்று யோசித்ததன் விளைவே மாறும் புதுப்பிப்பு வீதம். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்ற பெயரில் அதை அறிவித்தது; 2014இல் மானிட்டர் இணைப்புக்கான டிஸ்பிளேபோர்ட் தரத்தில் அடாப்டிவ் சிங்க் சேர்ந்தது; அதைக் கொண்ட ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் கடைக்கு வந்தன; ஹெச்டிஎம்ஐ 2.1 தரம் 2017இல் தொலைக்காட்சிகளுக்கும் வழி திறந்தது. இங்கே இருள் இடைவேளை நீளக்கூடியது: அடுத்த படம் வரைந்து முடியும்வரை திரை இடைவேளையிலேயே காத்திருந்து, வந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கும். காத்திருப்பு கார்டிலிருந்து திரைக்கு மாறியது. எல்லையற்ற பொறுமை திரைக்கும் இல்லை. 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை என்று விற்கும் மானிட்டரில் விளையாட்டு விநாடிக்கு 40 படத்துக்கு இறங்கினால், ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டிச் சமாளிக்கலாம் என்றாலும் அதற்கு 80 ஹெர்ட்ஸ் வேண்டும். 75இல் அது அடங்காது. வாங்குமுன் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இருமடங்குக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயரைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

விடுதித் தொலைக்காட்சியில் அந்த வசதி இல்லை, தேவையும் இல்லை. ஆனால் வெட்டு போன பிறகு மற்றொன்று கண்ணில் பட்டது: மரங்கள் முழுதாக நின்றாலும் சீராக நகரவில்லை, மெல்லிய துடிப்போடு நகர்ந்தன. நம் ஊர் ஸ்டுடியோக்கள் பால் முறையின் வழியில் இன்றும் விநாடிக்கு 25 பிரேமில் எடுக்கின்றன. 25ஐ 60இல் பொருத்தினால் ஒரு பிரேமுக்கு 2.4 புதுப்பிப்பு, அரைகுறையாகக் காட்ட முடியாது என்பதால் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி வரும். ஒரு பிரேம் 33 மில்லி விநாடி நிற்க, மற்றொன்று 50 மில்லி விநாடி நிற்கிறது. கடிகாரங்கள் பொருந்திவிட்டன, எண்கள் பொருந்தவில்லை. தொலைக்காட்சியை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்பட்டு, சில்வர் ஓக் வரிசை வழுக்கிக்கொண்டு போனது.

விருந்தினர்கள் கைபேசியில் எடுத்துத் தரும் வீடியோக்கள் 30 பிரேம். அவை 50இல் துடிக்கும், 60இல் சீராக ஓடும். வீடியோவுக்கு ஏற்பப் புதுப்பிப்பு வீதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பிளேயர் ஒன்றைக் கணினியில் நிறுவிக் கொடுத்தேன். வீதம் மாறும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி ஓரிரு விநாடி கறுத்துவிட்டுத்தான் மீண்டும் படம் காட்டும். கேபிளைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தேன்.